கீரிப்பாறை மழைக்காட்டுக் களப்பயணம்: முற்பகல் நன்று, பிற்பகல் வீண்

கடந்த ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகிலுள்ள எங்கள் மேல்நிலைப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் மாணவர்கள் 44 பேரைக் கீரிப்பாறைக்கு அப்பாலுள்ள காட்டுக்கு ஒருநாள் களப்பயணமாக அழைத்துச் சென்றோம். ஆசிரியர்கள் என்ற வகையில் நானும் உடன்பணியாற்றும் இன்னொருவரும் சென்றிருந்தோம். பயணத்தை நடத்தித் தந்தது, பள்ளிகளுக்கெனச் சூழல் கல்விப் பயணங்களை ஏற்பாடு செய்துவரும் ஒரு சிறிய குழு. தலைக்கு 650 ரூபாய் வாங்கினார்கள். வேன் வாடகை, வனத்துறை அனுமதிக்கான செலவு, மதிய உணவு, ஒரு குறிப்பேடு ஆகிய அனைத்தும் அதற்குள் அடக்கம். எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் 650 ரூபாய் என்பது இரண்டு முறை யோசித்துக் கொடுக்கும் தொகை என்பதால், அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை இதே பயணத்துக்குத் திட்டமிடும் பிற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். குழுவினர் அனுப்பிய துண்டறிக்கையின் முகப்பில் இருவாச்சிப் பறவையும் சிங்கவால் குரங்கும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தன. நாங்கள் நடந்த தாழ்வான சரிவில் சிங்கவால் குரங்கைப் பார்ப்பதற்கு அநேகமாக வாய்ப்பில்லை. அது பெரிதும் நம்பி வாழும் வெடிப்பலா மரங்கள் நிற்பது இன்னும் உயரத்தில். முத்துக்குழிவயல் போன்ற உச்சிப் பகுதிகளுக்கு ஒருநாளில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல முடியாது என்பதும் இந்த மாவட்டத்தில் எவருக்கும் தெரிந்ததே. மேல்கோதையாற்றுக்கே நாம் திருநெல்வேலி மாவட்டம் வழியாகச் சுற்றி, மாஞ்சோலை மலையேறித்தான் போக வேண்டியிருக்கிறது. ஆகவே படத்தைப் பார்த்து ஆசையோடு வந்த பிள்ளைகள் முதல் ஒரு மணி நேரம் மரக்கிளைகளையே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியைத்தான் சம்பாதித்தார்கள். கருமந்திக் கூட்டம் ஒன்று தொலைவில் குரல் கொடுத்ததும், மலையணில் ஒன்று கிளை தாவியதும்தான் அன்று கிடைத்த பெரிய விலங்குக் காட்சிகள். காட்டாத ஒன்றைத் துண்டறிக்கையில் காட்டுவது, அதிலும் கல்விக்காக நடத்தப்படும் பயணத்தில், எனக்கு உவப்பாக இல்லை.

ஆனால் அந்தப் படத்தை மறந்துவிட்டுப் பார்த்தால், முற்பகல் 4 மணி நேரமும் நான் என் 19 ஆண்டு ஆசிரியப் பணியில் கண்ட மிகச் சிறந்த களவகுப்பு என்று தயங்காமல் சொல்வேன். அதற்குக் காரணம், பயணத் தலைவரான இளைஞர் வகுப்பைக் காட்டில் தொடங்காமல் ரப்பர் தோட்டத்தில் தொடங்கியதே.

தடிக்காரன்கோணத்தைத் தாண்டிக் கீரிப்பாறை நோக்கிப் போகும் வழியில், முன்னரே உரிமையாளரிடம் சொல்லிவைத்திருந்த ஒரு தனியார் தோட்டத்தின் ஓரத்தில் வேன்களை நிறுத்தச் செய்தார். "இது காடா, தோட்டமா?" என்று கேட்டார். பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் "காடு" என்றார்கள். எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் மீது தவறில்லை. பிறந்தது முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலைச்சரிவில் ரப்பரையே கண்டு வளரும் பிள்ளைக்கு, மரங்கள் அடர்ந்து நிற்கும் இடமெல்லாம் காடுதான். எங்கள் பகுதியில் பேச்சுவழக்கிலும் இந்த மயக்கம் உண்டு. ஆகவே இந்தப் பயணத்தின் உண்மையான பாடப்பொருள் மழைக்காடு எது என்பதைவிட, மழைக்காடு எது அன்று என்பதாகவே அமைந்தது. அதுவே இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேவையான பாடமும் ஆகும்.

தோட்டத்துக்குள் 5 மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் எத்தனை வகைச் செடிகொடிகள் உள்ளன என்று எண்ணச் சொன்னார். ரப்பர் மரம், தரையை மூடப் படரவிட்டிருந்த முக்குணாக் கொடி, இரண்டு வகைப் பெரணி, நம்மூரில் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் களை, பெயர் தெரியாத புல் இரண்டு என 7 வகைகளோடு கணக்கு முடிந்தது. ஜனவரி என்பதால் மரங்கள் இலையை உதிர்த்து நின்றன. வெயில் தடையின்றித் தரையில் விழுந்தது. அப்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. வகுப்பில் வாய் திறவாத மாணவர் ஒருவர், அப்பாவோடு விடியற்காலை பால் வெட்டப் போகிறவர், தலைவரிடம் சென்று பட்டையில் இடப்பட்டிருந்த வெட்டைச் சுட்டிக்காட்டி, அது ஏன் இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம் தாழ்வாகச் சரிந்து வருகிறது, உள்ளே தடிமரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுவது எப்படி, சிரட்டையில் பால் உறையும் முன் எப்போது எடுக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கத் தொடங்கிவிட்டார். வெயில் ஏறிய பின் வெட்டினால் பால் குறைவாகத்தான் வடியும் என்று அவர் சொன்னதை, இரவில் இலைகள் நீரை வெளிவிடுவது குறைந்து பட்டைக்குள் அழுத்தம் கூடியிருப்பதால்தான் விடியற்காலையில் பால் அதிகம் வருகிறது என்று தலைவர் பாடநூலோடு இணைத்துக் காட்டினார். நான் நீராவிப்போக்குப் பாடத்தை 3 வகுப்புகளில் நடத்தியும் விளங்காத பிள்ளைகளுக்கு அது அங்கே 3 நிமிடத்தில் விளங்கியது. அந்த மாணவரைத் தடுக்காமல் பேசவிட்டுத் தான் ஒதுங்கி நின்ற பண்புக்காகவே அந்த இளைஞரைப் பாராட்ட வேண்டும்.

அதன் பிறகு அவர் சொன்ன கதை எனக்கும் புதிது. ரப்பரும் பிறப்பால் ஒரு மழைக்காட்டு மரமே. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அவற்றின் வழித்தோன்றல்களே ஆசியத் தோட்டங்களை நிரப்பின. தாயகமான அமேசானில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில், பிற மரங்களுக்கு நடுவே சிதறி நிற்கின்றன. அங்கே அவற்றை நெருக்கமாக நட்டுத் தோட்டமாக்க முயன்றபோதெல்லாம் ஒருவகைப் பூஞ்சை இலைக்கருகல் நோயைப் பரப்பி அழித்துவிட்டது. மோட்டார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு அங்கே பெருஞ்செலவில் தொடங்கிய தோட்டமும் தப்பவில்லை. ஒரே வகை மரத்தை வரிசையாக நிறுத்துவதன் ஆபத்தைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை, அதுவும் ரப்பர் மரத்தடியிலேயே நின்று சொல்வதற்கு, வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தங்கள் தோட்டத்தில் மரங்கள் வரிசையாக முறிந்து கிடந்ததைச் சில பிள்ளைகள் அப்போது நினைவுகூர்ந்தார்கள்.

அங்கிருந்து காளிகேசம் செல்லும் வழியில், சோதனைச் சாவடியைக் கடந்து, ஓடையை ஒட்டிய பாதையில் நடந்தோம். மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவை நடக்க இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள், அவசரமே இல்லை. வேறு சில குழுக்கள் அருவிக்கும் ஆற்றுக்கும் விரைந்து கூட்டிச்சென்று குளிக்கவிட்டுத் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். இவர்கள் அதைச் செய்யவில்லை என்பதே எனக்கு முதல் நிறைவு. பிள்ளைகளுக்கு அது முதல் ஏமாற்றம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே 5 மீட்டர் கயிற்றை மரநிழலில் கட்டினார்கள். 31 வரை எண்ணி, நேரமில்லாமல் நிறுத்திக்கொண்டோம். வெப்பமானி தோட்டத்தைவிட 3 டிகிரி குறைவாகக் காட்டியது. அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே என்பதைப் பாடநூலில் படித்திருந்த பிள்ளைகள், குறிப்பேட்டில் எழுதுவதற்காகச் சற்று வெளிச்சமான இடத்துக்கு நகர வேண்டியிருந்தபோதுதான் அதன் பொருளை உணர்ந்தார்கள். நான் மிகவும் ரசித்தது இதற்கு அடுத்த பகுதியை. தலைவர் புதிய பெயர்களை அடுக்கிப் பிள்ளைகளை மிரட்டாமல், "உங்கள் வீட்டு முற்றத்தில் இருக்கும் மழைக்காட்டைச் சொல்லுங்கள்" என்றார். எல்லோரும் விழித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக அவரே எடுத்துக் கொடுத்தார். தாய்த்தண்டிலேயே காய்க்கும் சக்கை, அதாவது பலா, மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம். கிளை நுனியில் அல்லாமல் அடிமரத்தில் பூத்துக் காய்ப்பது வெப்பமண்டல மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் காணப்படும் பண்பு. அதன் உறவான அயனி மரம் இங்கே நிமிர்ந்து நிற்கிறது. கமுகிலும் முருங்கையிலும் நாம் ஏற்றிவிடும் நல்லமிளகுக் கொடி, காட்டில் வெளிச்சம் தேடி மரத்தைப் பற்றி ஏறும் பழக்கத்தை முற்றத்திலும் விடவில்லை. கூர்ந்த வால்போல நீண்ட இலைநுனி மழைநீரை உடனே வழித்துவிடுகிறது. மாணவி ஒருவர், "அப்படியானால் எங்கள் வீட்டு மிளகுக்கொடி நிற்கும் இடம் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே 650 ரூபாயும் தகும் என்று அப்போது நினைத்தேன்.

குழுவோடு வழிகாட்டியாக வந்த, காணிப் பழங்குடியைச் சேர்ந்த காணிக்காரப் பெரியவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று அழைத்தார்கள். அவர் அவர்களை மக்களே என்றார். முன்னால் நடந்தவர் ஓரிடத்தில் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். பாதையில் யானைப் பிண்டம், ஈரம் காயாமல் கிடந்தது. அவர் குனிந்து, காற்றை மோந்து, சற்று நேரம் ஓடைப்பக்கம் காதுகொடுத்துவிட்டு, "ராத்திரி போனது, இப்போது அந்தப் பக்கம்" என்று கரையைக் காட்டினார், இருந்தாலும் பாதையை மாற்றி எங்களை வேறு வழியாகவே அழைத்துச் சென்றார். அதற்கு முன், ஒரு குச்சியால் பிண்டத்தைப் பிரித்துக் காட்டினார். ஈத்தை என்னும் மூங்கில் வகையின் நார்கள், செரிக்காத விதைகள், உருட்டிக்கொண்டிருந்த வண்டுகள். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்ற பிள்ளைகளே ஐந்து நிமிடத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப்பார்த்தார்கள். மிளா மானின் குளம்படியை அவர் மண்ணில் காட்டியபோது எனக்கு அது வெறும் பள்ளமாகத்தான் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அகத்தியர் மலைத்தொடரில் வாழும் காணி மக்களின் அறிவை வைத்து உலகமே பேசிய ஒரு நிகழ்வு உண்டு. 1987-இல் கேரளப் பகுதியில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், உடன்வந்த காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி ஏறுவதைக் கண்டு கேட்டதில்தான் ஆரோக்கியப்பச்சை என்னும் செடி வெளியுலகுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானபோது, உரிமத்தால் கிடைக்கும் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பது என்று திருவனந்தபுரத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த தொடக்ககால ஏற்பாடுகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. தலைவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெரியவர் சிரித்துக்கொண்டே நின்றார். அவரிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. இது எனக்கு உறுத்தியது. அந்த மலையில் பிறந்தவர் அருகில் நிற்கும்போது, அவருடைய மக்களின் கதையை வேறொருவர் ஏன் சொல்ல வேண்டும்? துண்டறிக்கையிலும் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஓடைக்கரையில் நடந்த எளிய சோதனை ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரு லிட்டர் தண்ணீரை வண்டித்தடத்தின் இறுகிய மண்ணில் ஊற்றினார்கள். செம்மண் கலந்து சரிந்து ஓடியது. அதே அளவைச் சருகு மூடிய காட்டுத்தரையில் ஊற்றினார்கள். ஒலியின்றி உள்ளே போனது. சருகை மெல்ல விலக்கியபோது அடியில் வெண்ணிற நூல்போலப் பூஞ்சை இழைகள் பின்னிக் கிடந்தன. மழைக்காட்டின் வளம் பெரும்பகுதி மண்ணில் சேமிக்கப்படாமல் உயிருள்ள மரங்களிலேயே இருப்பதும், உதிர்ந்த இலையை இந்தப் பூஞ்சைகளும் கரையான்களும் விரைவில் மட்கச்செய்து வேருக்குத் திருப்பிக் கொடுப்பதும் அங்கே விளக்கப்பட்டன. இந்த மலைகளில் இறங்கும் நீரே கோதையாற்றில் பேச்சிப்பாறை அணைக்கும் பரளியாற்றில் பெருஞ்சாணி அணைக்கும் சென்று நம் வயல்களை அடைகிறது என்று சேர்த்துச் சொன்னபோது, தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் வாய்த்த மாவட்டத்தில் கோடையிலும் ஓடை ஓடுவது எதனால் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்தது. 

ஓடைப் பாறையில் ஆடும் தவளைகளைக் காட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். நீரின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் பின்னங்காலை நீட்டி அசைத்துத் துணையை அழைக்கும் இச்சிறு தவளைகளில் 14 புதிய இனங்களை 2014-இல் எஸ். டி. பிஜு தலைமையிலான குழு விவரித்தது. அவற்றில் ஒன்றுக்குக் கோதையாற்றின் பெயரே இடப்பட்டது. பருவம் கடந்துவிட்டதால் அவை கண்ணில் படவில்லை. அதை மறைக்காமல், எப்போது வந்தால் காணலாம் என்று சொன்னது நேர்மை. முகப்புப் படத்திலும் இதே நேர்மை இருந்திருக்கலாம்.

அட்டைகளைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். முந்தைய நாள் பெய்த சிறு மழையால் சிலருக்குக் கடித்தது. பிய்த்து எறியாமல் நகத்தால் வாய்ப்பகுதியை நெருடி விலக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க அட்டை செலுத்தும் ஒரு பொருளால் சற்று நேரம் கசியும், அஞ்ச வேண்டாம் என்று விளக்கியதில் அழுகை நின்று ஆர்வம் பிறந்தது. நீண்ட காலுறை கொண்டுவரச் சொல்லி முன்பே அறிவித்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிராது.

இனி பிற்பகல். ஒன்றரை மணிக்குக் காட்டைவிட்டு இறங்கி, வழியிலிருந்த ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். உணவு பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. தலைக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியும் தந்தார்கள். காலையில் காட்டுவழியில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுக்கச் சொன்ன அதே குழு, மதியம் 46 பெட்டிகளைக் குப்பையாக்கியதை மாணவர்களே கவனித்து முணுமுணுத்தார்கள். வாழையிலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் பொதிச்சோறு கட்டித்தர எவரும் கிடைக்கவில்லையா? மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. 26 மாணவியர் வரிசையில் நின்றே 40 நிமிடம் போனது. பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், பிறகுதான் இருவாச்சி.

அதற்கு மேல் ஒன்றே முக்கால் மணி நேரம் திரைவீழ்த்தியில் படக்காட்சி. மேற்குத் தொடர்ச்சி மலை 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது, அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது, கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது என்று எல்லாம் சரியான செய்திகள்தாம். ஆனால் காலையில் காட்டைத் தொட்டு வந்த பிள்ளைகளை இருட்டறையில் அமர்த்தி ஆண்டுகளை மனப்பாடம் செய்யவைத்தால் தூங்காமல் என்ன செய்வார்கள்? பேசியவர் காலையில் வந்த தலைவரும் அல்லர். குழுவைச் சேர்ந்த வேறொரு பெரியவர், பிள்ளைகள் அன்று எதைப் பார்த்தார்கள் என்பதையே கேட்டறியாமல் பேசினார். குறிப்பேட்டில் அவர்கள் எழுதிய 31 வகைகளை வைத்து ஒரு மணி நேரம் உரையாடியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். இந்தப் படக்காட்சியால் புறப்பாடு தாமதமாகி, ஐந்தரைக்கு வரவேண்டிய பிள்ளைகள் இருட்டிய பின் ஏழரைக்குப் பள்ளி வாசலில் இறங்கினார்கள். கைப்பேசியில் பெற்றோருக்குப் பதில் சொன்னது நாங்கள்தான்; குழுவினர் அல்லர்.

எண்ணிக்கையும் ஒரு சிக்கல். 44 பிள்ளைகளுக்குத் தலைவர் ஒருவர், உதவியாளர் இருவர், வழிகாட்டி ஒருவர் என்பது போதாது. ஒற்றையடிப் பாதையில் வரிசை நீண்டுவிட்டதால், முன்னால் காட்டப்பட்ட குளம்படி கடைசி மாணவர் வந்து சேர்வதற்குள் மற்றவர் காலில் மிதிபட்டு மறைந்துவிட்டது. பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பாதிப் பயணமே. இதில் எங்கள் பங்கும் உண்டு. செலவைக் குறைக்க ஒரே நாளில் முழு வகுப்பையும் கொண்டுபோக விரும்பியது பள்ளிதான்.

திட்டமிடுகிறவர்களுக்குச் சில சொற்கள். ரப்பர் தோட்டத்துக் கயிற்றுக் கணக்கை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்; அது இல்லாமல் காட்டுக் கணக்குக்குப் பொருளில்லை. பிற்பகல் நிகழ்ச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்; கட்டணத்தில் 100 ரூபாய் குறைக்க ஒத்துக்கொள்கிறார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் நடப்பதற்கு ஏற்ற மாதங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் ஓடைப்பக்கமே போகாதீர்கள். எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த மெதுவான நடை பொறுமையைச் சோதிக்கும்.

எங்கள் பள்ளியின் அடுத்த பிரிவுக்காக இதே குழுவிடம் மறுபடியும் பேசியிருக்கிறேன். ஒரு நாளைக்கு 20 பிள்ளைகள், காலை ஏழு மணி முதல் ஒரு மணி வரை மட்டும், உணவு அவரவர் வீட்டிலிருந்து வாழையிலைப் பொதியாக, காணிக்காரப் பெரியவர் அரை மணி நேரமாவது தானே பேச வேண்டும் என்பவை எங்கள் நிபந்தனைகள். முதல் மூன்றுக்கும் உடனே சம்மதித்தார்கள். கடைசிக்கு, பெரியவரிடம் கேட்டுச் சொல்வதாகத் தலைவர் பதில் அனுப்பியிருக்கிறார்.